காந்தள் நஞ்சு செய்யும் வேலை

மழை பிடித்ததும் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கிலிருந்து முளைத்து, வேலியிலும் காட்டுப் புதரிலும் தொற்றி ஏறும் கொடி செங்காந்தள். பற்றிக்கொள்ள இதற்குத் தனி உறுப்பு கிடையாது. இலை நுனியே நீண்டு சுருண்டு கொழுகொம்பைப் பிடிக்கும். கார்த்திகையை ஒட்டிப் பூக்கும். ஆறு இதழ்களும் பின்னால் மடங்கி மேல்நோக்கி நிற்கும். மஞ்சளும் சிவப்புமாக விரிந்து, நாளடைவில் முழுச் சிவப்பாகும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களில் முதலாவது இது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

செடி முழுக்க நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்கிசின்தான் முதன்மையானது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுப்பவை டியூபுலின் புரதத்தாலான நுண்குழல்கள். அவை உருவாகாமல் கோல்கிசின் தடுத்துவிடுவதால் பிரிவு பாதியில் நின்றுபோகும். ஆகவே செல்கள் விரைந்து பெருகும் இடங்களில் அடி பலமாக விழுகிறது. கிழங்கைத் தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அடுத்த சில நாட்களில் எலும்பு மஜ்ஜை நலிந்து இரத்த அணுக்கள் குறையும். பிழைத்தவர்களுக்கும் இரண்டாம் வாரவாக்கில் முடி கொத்துக்கொத்தாக உதிரும். இலங்கையில் உண்ணும் கிழங்கென்று நினைத்து இதை அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. வேகவைத்தாலும் நஞ்சு போவதில்லை.

சித்த, ஆயுர்வேத மருத்துவங்கள் இந்தக் கிழங்கை அப்படியே கையாள்வதில்லை. நறுக்கி, மோரிலோ கோமூத்திரத்திலோ ஊறவைத்துச் சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்க்கும். வீக்கம், மூட்டுவலி, தோல்நோய் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் மேற்பூச்சுதான். பிள்ளைப்பேறு தாமதித்தால் அரைத்து உள்ளங்காலில் தடவும் வழக்கமும் இருந்தது. கருவைக் கலைக்க உள்ளுக்குத் தின்றது மட்டும் பல பெண்களின் உயிரைக் குடித்திருக்கிறது. பாம்புக்கடிக்கும் இதை மருந்தென்பார்கள். அதை நம்பி நேரத்தைக் கடத்துவது ஆபத்து.

கோல்கிசினை 1820இல் பெல்லெத்தியே, கவாந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தனர். காந்தளிலிருந்து அல்ல, அதன் ஐரோப்பிய உறவான கோல்சிகம் செடியிலிருந்து. கௌட் எனும் மூட்டுநோயில் யூரிக் அமிலப் படிகங்களைச் சூழ வெள்ளையணுக்கள் திரள்வதே தாங்கமுடியாத வலிக்குக் காரணம். கோல்கிசினால் நுண்குழல் குலைந்தால் அந்தத் திரட்சி மட்டுப்படும்; அதனால்தான் இது கௌட்டுக்கு மருந்தாகிறது. மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவுதான்.

இந்தக் கோல்கிசின் தேவைக்காகவே ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பகுதிகளில் பந்தல் கட்டிக் காந்தள் பயிரிடுகிறார்கள். சூலகத்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்துக்கு எட்டாமல் விலகியிருப்பதால், பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டுவைக்க வேண்டும். விலைபோவது விதை, கிழங்கு அடுத்த நடவுக்கு.