பேசும் கார்... ரகசியம் காக்குமா?

குட்டீஸ்... இன்று நீங்கள் எல்லாரும் துப்பறியும் நிபுணர்கள்! இதோ, ஒரு கற்பனைக் காரைப் பற்றிய குறிப்பு. காரின் எண் கிடையாது. சொந்தக்காரர் பெயரும் கிடையாது. நேரமும், இடமும் மட்டும்தான் உண்டு.

* இரவு 9:00 முதல் காலை 7:30 வரை: ஆவடி அருகே, பருத்திப்பட்டில் ஒரு தெரு.
* காலை 8:10: அம்பத்தூரில் ஒரு பள்ளி வாசல். இரண்டே நிமிடம்.
* காலை 8:30 முதல் மாலை 5:45 வரை: அம்பத்தூர் தொழிற்பேட்டை.
* செவ்வாய், வியாழன் மாலை 6:15: திருமுல்லைவாயலில், பாட்டு வகுப்பு நடக்கும் வீட்டு வாசல்.
* மே மாதம், பத்து நாட்கள்: திருநெல்வேலி.

என்ன கண்டுபிடித்தீர்கள்?

வீடு இருக்கும் தெரு தெரிந்து விட்டது. அந்த வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறது. அது படிக்கும் பள்ளியும் தெரிந்து விட்டது. அப்பாவோ, அம்மாவோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். பிள்ளை பாட்டு கற்கிறது. மே மாதம் பத்து நாள் வீடு பூட்டிக் கிடக்கும்!

அடேங்கப்பா... பெயரே தெரியாமல் இவ்வளவு தெரிந்து விட்டதே! சரி, இதையெல்லாம் யார் எழுதி வைப்பது? வேறு யார், அந்தக் காரேதான்!

காருக்கும் சிம் கார்டு!

பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை வரும். அங்குள்ள ஹூண்டாய் தொழிற்சாலையில் தயாரான, 'வென்யூ' என்ற கார், 2019 மே மாதம் விற்பனைக்கு வந்தது. அதன் சில வகைகளில், காருக்குள்ளேயே ஒரு சிம் பொருத்தப்பட்டிருந்தது. உங்கள் அப்பாவின் மொபைல் போன் போல, காரும் இணையத்தில் பேசும். அதே ஆண்டில் வந்த, 'எம்.ஜி., ஹெக்டர்' காரும் இப்படித்தான். இப்போது இன்னும் பல நிறுவனங்கள் இத்தகைய கார்களைத் தயாரிக்கின்றன. இவற்றுக்கு, 'கனெக்டட் கார்' என்று பெயர்.

'செயற்கைக்கோள் மேலே இருந்து நம் காரைப் பார்த்துக் கொண்டே இருக்கிறது' என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. தொழிற்சாலைச் சங்கு ஊதுகிறது. ஊரே கேட்கிறது. யார் கேட்டார்கள் என்று சங்குக்குத் தெரியுமா? தெரியாது! ஜி.பி.எஸ்., செயற்கைக்கோளும் அப்படித்தான். அது சைகையை அனுப்பிக் கொண்டே இருக்கும். காரில் உள்ள கருவி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சைகைகளைப் பெற்று, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தானே கணக்குப் போட்டுக் கொள்ளும்.

அதுவரை, அது காருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். காரில் உள்ள சிம், அதை நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும்போதுதான் அடுத்தவருக்குத் தெரிகிறது. இடம் மட்டுமல்ல... எவ்வளவு வேகம், எப்போது சடாரென்று பிரேக் போட்டார்கள் என்பதையும் அனுப்ப முடியும்.

நல்லதும் உண்டு!

உடனே பயந்து விடாதீர்கள். கார் திருடு போனால், எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். விபத்து நடந்தால், சில கார்கள் தானே உதவி மையத்தை அழைக்கும்.

பஸ்சையே எடுத்துக் கொள்ளுங்கள். சென்னை மாநகர போக்குவரத்துக் கழக பஸ்கள் எங்கே வருகின்றன என்று காட்டும், 'சென்னை பஸ்' செயலி, 2022ல் வந்தது. ஆவடி நிலையத்தில் கால் கடுக்க நிற்பவருக்கு அது எவ்வளவு உதவி! வாடகைக் கார், பஸ் போன்ற பொது வாகனங்களைப் புதிதாகப் பதிவு செய்ய, இடம் காட்டும் கருவியும், ஆபத்தில் அழுத்தும் பொத்தானும் வேண்டும் என்ற விதி, 2019 ஜனவரி 1ல் நடைமுறைக்கு வந்தது. ஆட்டோக்களுக்கு விலக்கு உண்டு.

பஸ் இருக்கும் இடம் ஊருக்கே தெரியலாம்; தெரியவும் வேண்டும். ஆனால், உங்கள் வீட்டுக் கார் இருக்கும் இடம்? அங்கேதான் கேள்வி!

நம்பிக்கை உடைந்த கதை

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தைச் சேர்ந்த, சுமார் 8 லட்சம் மின்சார கார்களின் தகவல்கள், இணையத்தில் சரியான பூட்டு இல்லாமல் கிடந்தது, 2024 டிசம்பரில் வெளியே தெரிந்தது. பல கார்கள் எங்கெங்கே நின்றன என்பதும் அதில் இருந்தது. கணினிப் பாதுகாப்பு ஆர்வலர்கள் சொன்ன பிறகே, ஓட்டை அடைக்கப்பட்டது.

அமெரிக்காவில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், கார் ஓட்டுபவர்களின் பழக்கங்களை வேறு நிறுவனங்களுக்கு விற்றது, 2024ல் செய்தியானது. அந்தத் தகவல் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போய், சிலருக்குக் கட்டணமே கூடிவிட்டது! சில கார்களின் இருப்பிடம், மூன்று வினாடிக்கு ஒருமுறை கூடப் பதிவானதாக, அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2025ல் நடவடிக்கை எடுத்தது.

மொசில்லா அறக்கட்டளை, 2023ல், 25 கார் நிறுவனங்களின் விதிமுறைகளைப் படித்துப் பார்த்தது. அந்தரங்கத்தைக் காப்பதில் எத்தனை நிறுவனங்கள், 'பாஸ்' தெரியுமா? ஒன்று கூட இல்லை!

கார்கள் பேசியதில் தப்பில்லை. காரை வாங்கியவர், 'வழி காட்டத்தானே கேட்கிறார்கள்' என்று நம்பித் தகவலைக் கொடுத்தார். அது வேறு வேலைக்குப் போனதும், பூட்டாமல் கிடந்ததும்தான் தப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் நம் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று, 2017 ஆகஸ்ட் 24ல், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு அளித்தனர். அந்த வழக்கைத் தொடுத்தவர், ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி.

பிறகு, 2023ல், மின்னணு முறையில் உள்ள தனிநபர் தகவல்களைக் காக்க ஒரு சட்டம் வந்தது. அதன் விதிகள், 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அதில் உங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. 18 வயது நிரம்பாதவரின் தகவலை வாங்க, பெற்றோரின் சம்மதம் வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவும் கூடாது.

'அப்படியானால், என் ஸ்கூல் வேன் எங்கே வருகிறது என்று அம்மா போனில் பார்க்க முடியாதா?' பார்க்கலாம்! பயணத்தின்போது குழந்தைகளின் பாதுகாப்புக்காக இருப்பிடத்தைக் கண்காணிக்க, விதிகளில் விலக்கு உண்டு. கவனியுங்கள்... பாதுகாப்புக்காக! வேறு எதற்காகவும் அல்ல.

'எங்கள் கார் பழசு. அதில் சிம் இல்லை' என்கிறீர்களா? கண்ணாடியில் பாஸ்டேக் ஒட்டியிருக்குமே! 2021 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கப்பட்ட அந்த வில்லையில், பேட்டரி கிடையாது. ஆனாலும், வானகரம் சுங்கச்சாவடியைத் தாண்டினால், எத்தனை மணிக்குத் தாண்டினீர்கள் என்பது பதிவாகி விடும். கட்டணம் வாங்க அது தேவை. இங்கும் அதே கேள்விதான்... எதற்காக?

நீங்கள் என்ன செய்யலாம்?

* வாடகைக் காரில் பாட்டுக் கேட்க போனை இணைக்கும்போது, 'போனில் உள்ள பெயர், எண்களை எடுத்துக் கொள்ளலாமா?' என்று கார் கேட்கும். 'வேண்டாம்' என்று அழுத்தச் சொல்லுங்கள். இறங்கும் முன், கார் திரையில் இருந்து போனின் பெயரை அழித்து விடுங்கள்.

* பழைய காரை விற்கும் முன், காரில் உள்ள தகவல்கள் அனைத்தையும் அழித்து, செயலியில் இருந்தும் காரை நீக்க வேண்டும். மறந்தால், வாங்கியவரின் கார் எங்கே போகிறது என்று, விற்றவரின் போனில் தெரியக்கூடும்!

* பழைய கார் வாங்கினால், முந்தைய சொந்தக்காரரின் கணக்கு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

* கார் செயலியின் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இந்த வாரம் ஒரு வேலை. உங்கள் ஸ்கூல் வேனிலோ, வீட்டுக் காரிலோ இடம் காட்டும் கருவி இருந்தால், அப்பா, அம்மாவுடன் உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். என்ன தகவல் போகிறது? யாருக்குப் போகிறது? எதற்காக, எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? பதில் கிடைக்காவிட்டால், பள்ளியிடமோ, கார் விற்ற கடையிலோ கேட்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயக்கமே வேண்டாம்.

கேட்பீர்கள்தானே, குட்டீஸ்?