லயத்துப் பிள்ளைக்குச் சீனப் புரட்சி

வட்டவளையில் சீனப் புரட்சியைப் படிப்பிக்க மாஓவின் படத்திலிருந்து தொடங்கத் தேவையில்லை. 1964இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்தபோது, பீக்கிங் பக்கம் நின்ற நா. சண்முகதாசன் அணியினர் மலையகத் தோட்டங்களில் செங்கொடிச் சங்கம் நடத்தினார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, காணித்துண்டும் இல்லாமல் லயத்தில் கிடந்த சனத்துக்கு, சீன விவசாயிக்குக் காணி கிடைத்த கதை இனிக்காமல் இருக்குமா?

அதே 1948, டிசம்பர் 10இல்தான் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் வந்தது. பிரஜாவுரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது அதன் 15ஆம் உறுப்புரை. வரைவுக் குழுவின் உபதலைவர் பி.சி. சாங் ஒரு சீனர் (மாஓவின் ஆள் அல்ல, அன்றைய குடியரசின் பிரதிநிதி). மனித உரிமை வெள்ளைக்காரன் சாமான் என்பவருக்கு இது போதும்.

காணிக் கதையோடு பாடத்தை முடித்துவிடக் கூடாது. கொடுத்த காணி 1958இல் கம்யூனுக்குப் போனது. பின்னால் பெரும் பஞ்சம். கலாசாரப் புரட்சியில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. 1975இல் யுன்னான் மாகாணத்து ஷாதியானில், மூடிய பள்ளியைத் திறக்கக் கேட்ட ஹுய் முஸ்லிம்கள்மீது இராணுவம் ஏவப்பட்டது. ஆயிரத்துக்கு மேல் மௌத்தானார்கள். 1979இல் அதிகாரிகளே அது பிழையென்று ஒப்புக்கொண்டார்கள்.

"காணி கொடுத்தவங்களா சேர் இதையும் செஞ்சாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்கும். ஆமென்று சொல்லிவிட்டு, இரண்டையும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.