பல்கலைக்கழகங்களின் தனிப்பாதை: கல்வி, ஆய்வு வலையமைப்புகள் குறித்து ஓர் அறிமுகம்

கடந்த வருடம் என் மகள் தன் வகுப்புத் தோழிகளோடு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மாணவர் கருத்தரங்குக்காகப் போயிருந்தாள். அவள் படிப்பது கிழக்கிலுள்ள வேறொரு பல்கலைக்கழகத்தில். போய்ச் சேர்ந்ததும் எனக்கு அழைப்பெடுத்தாள். வழக்கமாக, "டேட்டா முடியப் போகுது வாப்பா, வெக்கிறன்" என்று அரை நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொள்பவள், அன்று வீடியோவில் வந்து வளாகத்து மரங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன மகள், ரீலோட் போட்டயா?" என்று கேட்டேன்.

"இல்ல வாப்பா. எங்கட கம்பஸ் வைஃபை இஞ்சயும் வேலை செய்யுது. நான் ஒண்டும் செய்யல்ல. உள்ளுக்கு வந்ததும் போன் தானாப் புடிச்சிட்டு. பாஸ்வேர்ட் கூடக் கேக்கல்ல."

நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, இருபது வருடங்களுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து வருபவன். கணினி என் துறை அல்ல. ஆனாலும் மகள் சொன்ன விசயம் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கம்பஸின் வைஃபை மலைகளைத் தாண்டிப் பேராதனைக்கு எப்படிப் போகும்? தேடிப் படித்தேன். தெரிந்தவர்களிடம் கேட்டேன். விளங்கியதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பிணை சொல்லும் முறை

மகளின் போன் இணைந்துகொண்ட சேவையின் பெயர் எடுரோம். நெதர்லாந்தின் கல்வி வலையமைப்பில் பணியாற்றிய கிளாஸ் வியரிங்கா என்ற பொறியியலாளர் 2002இல் முன்வைத்த யோசனை அது. இன்று 100க்கு மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. இலங்கையிலும் இருக்கிறது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. மகளின் பயனர் பெயர், மின்னஞ்சல் முகவரியைப் போல இரண்டு பகுதிகளைக் கொண்டது. முன்பாதி அவள் யார் என்பது; பின்பாதி அவள் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவள் என்பது. பேராதனையிலுள்ள கணினி அந்தப் பின்பாதியை மட்டும் பார்க்கிறது. "இவர் நம்முடையவர் அல்ல" என்று கண்டதும் விண்ணப்பத்தை நாட்டின் மத்திய கணினிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது அவளுடைய சொந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. கடவுச்சொல் பூட்டிய உறைக்குள் வைத்த கடிதம்போல மறைகுறியாக்கப்பட்டுப் போவதால், நடுவில் இருப்பவர் எவரும் அதைப் படிக்க முடியாது. சொந்தப் பல்கலைக்கழகம் உறையைத் திறந்து சரிபார்த்து, "ஓம், எங்கள் பிள்ளைதான்" என்று பதில் அனுப்புகிறது. கதவு திறக்கிறது. இவ்வளவும் சில செக்கன்களுக்குள் முடிந்துவிடுகின்றன. அவள் நாளைக்கு ஜேர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் இதே நடைமுறைதான்; உறை கொஞ்சம் அதிக தூரம் பயணிக்கும், அவ்வளவே.

ஆக, எங்கள் ஊர் வைஃபை பேராதனைக்குப் போகவில்லை. பேராதனை தன்னுடைய வைஃபையைத்தான் கொடுத்தது. எங்கள் கம்பஸ் அவளுக்குப் பிணை சொன்னது. முன்பெல்லாம் வெளியூர் போகிறவர் கையில் தெரிந்த பெரியவர் ஒருவரின் கடிதத்தைக் கொண்டுபோனால், அந்த ஊரில் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும் அல்லவா, அதே ஏற்பாடுதான் இதுவும்.

பாதை யாருடையது?

இந்தப் பிணைக் கடிதம் போய்வர ஒரு பாதை வேண்டும். இலங்கையில் அந்தப் பாதையின் பெயர் லேர்ன். 'இலங்கைக் கல்வி, ஆய்வு வலையமைப்பு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளால் ஆன பெயர் அது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முதலானோரின் முயற்சியால், 1990களின் தொடக்கத்தில் தொலைபேசிக் கம்பி வழியாக மின்னஞ்சல் அனுப்பும் ஏற்பாடாக அது ஆரம்பித்தது. இந்நாட்டில் பொதுமக்கள் காசு கொடுத்து இணையம் வாங்கும் காலம் வருவதற்கு முன்னரே நம் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் வெளிநாடுகளோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இது எங்களுக்கு மட்டும் உரிய கதை அல்ல. பிரித்தானியாவில் ஜேனட் என்ற வலையமைப்பு 1984இல் பல்கலைக்கழகங்களை இணைத்தது. அமெரிக்காவில் தேசிய விஞ்ஞான மன்றம் 1980களின் நடுப்பகுதியில் அமைத்த வலையமைப்புத்தான் அங்கு இணையத்தின் முதுகெலும்பாக இருந்தது. 1995இல் அது மூடப்பட்டு, வர்த்தக நிறுவனங்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. பாதையில் எல்லோரும் ஏறினார்கள், நெரிசல் வந்தது. அதை உணர்ந்த 34 பல்கலைக்கழகங்கள் அடுத்த வருடமே, 1996இல், ஒன்றுகூடி 'இன்டர்நெட்2' என்ற தமக்கான வலையமைப்பு முயற்சியைத் தொடங்கின. ஐரோப்பாவில் 2000ஆம் ஆண்டில் நாடுகளின் வலையமைப்புகளை ஒன்றிணைக்கும் ஜியான்ட் உருவானது.

இவற்றின் அடிப்படை ஒன்றுதான். தனித்தனியாகப் போய் இணையம் வாங்கினால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு சாதாரண வாடிக்கையாளர். எல்லாம் சேர்ந்து வாங்கினால் பாதைக்கே சொந்தக்காரர். நம் ஊர்களில் நாலு வீட்டார் சேர்ந்து கிணறு வெட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் எதற்கு?

"படம் பார்க்கவா இவ்வளவு வேகம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டெராபைட் தகவலை, செக்கனுக்கு 20 மெகாபிட் வேகமுள்ள வீட்டு இணைப்பில் இறக்குவதற்கு, இடைவிடாமல் ஓடினாலும், நாலரை நாட்களுக்கு மேல் ஆகும். செக்கனுக்கு 10 ஜிகாபிட் பாதையில் 14 நிமிடத்துக்குள் முடியும். 100 ஜிகாபிட் பாதையில் 80 செக்கன் போதும்.

வேகம் மட்டும் இருந்தாலும் போதாது. இணையத்தில் தகவல் துண்டு துண்டாகப் பிரித்தே அனுப்பப்படுகிறது. பெறுகின்ற கணினி "கிடைத்தது" என்று பதில் சொல்லிக்கொண்டே வரும். வழியில் ஒரு துண்டு தொலைந்தால், பாதையில் நெரிசல் என்று எண்ணி அனுப்புகின்ற கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூரம் கூடக் கூட, பழைய வேகத்தை மறுபடி பிடிக்க நேரம் எடுக்கும். அதனால் கடல் கடந்த பாதையில் சிறிய இழப்புக்கூடப் பெரிய தாமதமாகிவிடுகிறது. ஆய்வு வலையமைப்புகளில் வேண்டுமென்றே இடம் விட்டு வைப்பது இதற்காகத்தான். ஒரு பெரிய தகவல் மூட்டை திடீரென வந்தாலும் பாதை திணறக் கூடாது.

இப்படிப்பட்ட மூட்டைகள் எங்கிருந்து வருகின்றன? ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வகத்தில் அணுத்துகள்களை மோதவிட்டுப் பெறும் தரவுகளை ஒரே இடத்தில் வைத்து ஆராய இயலாது. ஏறத்தாழ 40 நாடுகளிலுள்ள சுமார் 170 கணினி நிலையங்கள் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டு வேலை செய்கின்றன. இந்த வலையமைப்புகள் இல்லாமல் அது நடக்காது.

சில சமயம் இந்தப் பாதைகளும் போதாமல் போவதுண்டு. 2019 ஏப்ரல் 10ஆம் திகதி வெளியான கருந்துளையின் முதற்படம் பலருக்கு நினைவிருக்கும். 2017இல் உலகின் வெவ்வேறு இடங்களிலுள்ள எட்டுத் தொலைநோக்கிகள் சேர்ந்து எடுத்த தரவுகளிலிருந்து உருவான படம் அது. தரவுகள் ஏறத்தாழ ஐந்து பெட்டாபைட், அதாவது 5,000 டெராபைட். மலை உச்சிகளிலும் தென்துருவத்திலும் இருந்த தொலைநோக்கிகளிலிருந்து அவ்வளவையும் கம்பி வழியாக அனுப்ப முடியாமல், ஹார்ட் டிஸ்க்குகளில் அடைத்து விமானத்தில் ஏற்றினார்கள். தென்துருவத்துப் பெட்டிகள் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் போகும்வரை மாதக்கணக்கில் காத்துக்கிடந்தன. பாதை இல்லாத இடத்தில் அறிவும் காத்துக்கிடக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஆசியாவின் சுற்றுவழி

ஆசியாவுக்கும் அப்படியொரு காலம் இருந்தது. இரண்டு ஆசிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் தமக்குள் தகவல் பரிமாறினாலும், அது பெரும்பாலும் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது. அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குக் கொழும்பு வழியாகப் போவதைப்போல!

2000ஆம் ஆண்டு சியோலில் கூடிய ஆசிய-ஐரோப்பியத் தலைவர்கள் இரு கண்டங்களின் ஆய்வாளர்களையும் நேரடியாக இணைக்க உடன்பட்டார்கள். டெய்ன் என்ற அந்தத் திட்டத்தின் முதல் இணைப்பு 2001 டிசம்பரில் பிரான்சுக்கும் தென்கொரியாவுக்கும் இடையில் ஏற்பட்டது. இரண்டாம் கட்டத்தில் தென்கிழக்காசிய நாடுகள் சேர்ந்தன. மூன்றாம் கட்டத்தில்தான் தெற்காசியாவின் முறை வந்தது. இலங்கையும் லேர்ன் வழியாக அப்போது இணைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் செலவில் ஒரு பங்கைத் தந்தது. மீதியை உறுப்பு நாடுகள் ஏற்றன.

ஒரே தெரு, இரண்டு போன்கள்

இதெல்லாம் விஞ்ஞானிகளின் பாடு, நமக்கென்ன என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றாததற்கு 2020ஆம் ஆண்டு காரணம்.

அந்த மார்ச்சில் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் ஒன்றாகவே மூடப்பட்டன. பல்கலைக்கழகங்களுக்கு லேர்ன் வழியாக சூம் வகுப்புகள் ஏற்பாடாகின. தொலைபேசி நிறுவனங்கள் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களைக் கட்டணமின்றித் திறந்துவிட உடன்பட்டன. என் தங்கையின் மகன் அப்போது பல்கலைக்கழக மாணவன். எங்கள் தெருவில்தான் வீடு. "எங்களுக்கு டேட்டா வெட்டாது மாமா" என்று சொல்லிக்கொண்டு காலையில் தொடங்கி மாலைவரை விரிவுரை கேட்பான்.

அதே தெருவில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நான் வட்ஸ்அப்பில் பாடம் நடத்தினேன். குறிப்புகளைப் படமெடுத்து அனுப்புவேன். குரல் பதிவு அனுப்புவேன். இரண்டாம் கிழமையிலேயே பதில்கள் குறைந்தன. ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "சேர், வொய்ஸ் போடாதீங்க, டேட்டா கூடப் போகுது. எழுதி அனுப்புங்க." அதற்குப்பின் நான் இலக்கணத்தைக் கைப்பட எழுதி, ஒரு கடையில் போட்டோப் பிரதி எடுத்து, வாசல் வாசலாகக் கொடுத்தேன்.

மருமகனிடம் இருந்ததும் அந்தப் பிள்ளையிடம் இருந்ததும் ஒரே விலையுள்ள போன்கள்தான். அவனுக்குப் பின்னால் முப்பது வருடங்களாகக் கட்டப்பட்ட ஒரு வலையமைப்பும், அவனுக்காகப் பேரம் பேச ஓர் அமைப்பும் இருந்தன. அவளுக்குப் பின்னால் நான் மட்டும் இருந்தேன்.

நானும் அந்த வேலிக்கு வெளியேதான். நமது நாட்டார் பாடல்கள் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையை இணையத்தில் கண்டுபிடித்தேன். திறந்தால் டொலரில் காசு கேட்டது. மகளிடம் சொன்னேன். அவளுடைய பல்கலைக்கழக நூலகம் அந்தச் சஞ்சிகைக்குச் சந்தா கட்டியிருந்தது. எடுரோம் போலவே சொந்த நிறுவனம் பிணை சொல்ல, கட்டுரை திறந்தது. எனக்கு வேண்டிய இரண்டு பக்கங்களையும் போனில் வாசித்துக் காட்டினாள். நான் எழுதிக்கொண்டேன். நம் பாட்டுகளைப் பற்றிய கட்டுரைக்கு என் கையில் பூட்டு, அவள் கையில் திறப்பு.

பாடசாலை வாசல்வரை

இந்தப் பாதை பல்கலைக்கழக வாசலோடு நிற்கத்தான் வேண்டுமா? அப்படி விதி ஒன்றும் கிடையாது. அயர்லாந்தின் உயர்கல்வி வலையமைப்பு 2005 முதல் நாட்டின் பாடசாலைகளுக்கும் இணைப்பு வழங்குகிறது. அவை ஏறத்தாழ 4,000. ஸ்லோவேனியாவின் ஆர்னெஸ் பல்கலைக்கழகங்களோடு பாடசாலைகளையும் நூலகங்களையும் சேர்த்தே பார்க்கிறது. குரோவேசியாவின் கார்னெட் 1991இல் பல்கலைக்கழகங்களுக்காகத் தொடங்கியது. 2015 முதல் பாடசாலைகளுக்குள் உள்வலையமைப்பு அமைக்கும் பெருந்திட்டத்தை நடத்தியது. இவை பெரிய வல்லரசுகள் அல்ல. மூன்றிலும் சனத்தொகை இலங்கையை விட மிகக் குறைவு.

இதற்குப் பணம் வேண்டும். கல்வி அமைச்சின் தீர்மானம் வேண்டும். எங்களால் முடிந்தது கேட்பதுதான். எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் புதிய கணினிகள் வேண்டும் என்று கேட்கிறோம், கிடைத்தால் நாடா வெட்டிப் படமெடுக்கிறோம். "அந்தக் கணினிகள் எந்தப் பாதையில் இணைக்கப்படும், மாதக் கட்டணம் யார் கட்டுவது, நாட்டின் கல்வி வலையமைப்பில் பாடசாலைக்கு ஏன் இடமில்லை?" என்று நானறிய எவரும் எழுந்து கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அப்படியொரு பாதை இருப்பதே மகள் பேராதனைக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது.

வருகிற கூட்டத்தில் கேட்பதாக இருக்கிறேன். வாசகர்களும் தத்தம் ஊர்ப் பாடசாலைகளில் கேட்டுப் பாருங்கள்.