துளை போடாமல் அடைக்கும் பல்

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்ததும் வயிற்றைக் கலக்குவது பல்லைத் துளைக்கும் ஏரோட்டார் கருவியின் சத்தம்தான். நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்று சுழலும் அதற்கு மின்சாரம் வேண்டும், கம்ப்ரஸர் வேண்டும், குழாயில் சுத்தமான தண்ணீர் வேண்டும், பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். இவை எதுவுமே இல்லாத ஊரில் சொத்தைப் பல்லுக்கு ஒரே வைத்தியம், பிடுங்குவது.

1980களின் நடுவில் தான்சானியாவில் அப்படித்தான் இருந்தது. அங்கே பணியாற்றிய நெதர்லாந்து மருத்துவர் யோ ஃபிரெங்கன் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கைக்கருவிகளை எடுத்தார். சிறு கரண்டி போன்ற முனையால், மெத்தென்று அழுகிய பகுதியை மட்டும் சுரண்டி எடுப்பது; குழியைச் சிமெண்டால் அடைப்பது. பெரும்பாலும் மரப்பு ஊசிகூடத் தேவைப்படாது. பிற்பாடு இதற்குக் கண்ணாடி அயனோமர் சிமெண்ட் கைகொடுத்தது. பொடியையும் திரவத்தையும் குழைத்து அப்பி, வாசலின் தடவிய விரலால் அழுத்தினால் பல்லோடு வேதிமுறையில் ஒட்டிக்கொள்ளும், ஃப்ளூரைடையும் கசியவிடும். பள்ளிக்கூட பெஞ்சில் குழந்தையைப் படுக்கவைத்தே செய்துவிடலாம். 'ஏ.ஆர்.டி.' எனப்படும் இந்த முறையை 1994-இல் உலக சுகாதார நிறுவனம் முன்னெடுத்தது.

ஏழை நாட்டுக்கான ஒப்பேற்று வேலை என்று இதை ஒதுக்கியவர்கள் உண்டு. அது தவறு. கொரோனா காலத்தில் ஏரோட்டார் தெறிக்கும் நீர்த்துளிகளுக்கு அஞ்சிய பணக்கார நாட்டு மருத்துவர்களும் இந்தக் கைக்கருவிகளையே நாடினார்கள். ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் சில்வர் டையமைன் ஃப்ளூரைடு என்ற திரவமும் துளை போடாத வைத்தியம்தான்: ஒரு சொட்டைத் தொட்டு வைத்தால் சொத்தை பரவாமல் நிற்கும். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 2014-இல்தான், அதுவும் பல்கூச்சத்துக்கு. 2021-இல் இந்தத் திரவமும் கண்ணாடி அயனோமர் சிமெண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறின.

குறைகள் இல்லாமல் இல்லை. அந்தச் சொட்டு, சொத்தையைக் கறுப்பாக்கிவிடும். பல்லின் இரண்டு மூன்று பக்கம் அரித்த பெரிய குழியில் சிமெண்ட் சீக்கிரம் பெயரும். நரம்பைத் தொட்ட சொத்தைக்கு வேர் சிகிச்சை வேண்டும். அதற்கு இயந்திரமும் எக்ஸ்ரேயும் வேண்டும். ஆனால் வாய் நோயால் அவதிப்படும் சுமார் 350 கோடிப் பேரில் நான்கில் மூன்று பங்கினர் நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் நாற்காலியும் கம்ப்ரஸரும் வரட்டும் என்று காத்திருந்தால் பல் காத்திருக்காது.

பால்பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். குழந்தையின் பல்லில் சிறு குழி தெரிந்ததுமே மருத்துவரிடம் காட்டி, துளை போடாமல் அடைக்க முடியுமா என்று கேளுங்கள்.