உஷார்! கடல் சும்மா இருக்கிறது

இந்தக் கத்திரி வெயிலில் கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களைப் போகாதே என்று தடுக்க முடியாது. போங்கள். ஆனால் வண்டியை விட்டு இறங்கியதும் கூட்டத்தில் ஒருவர் ‘அலையே இல்லப்பா, ஏரி மாதிரி கிடக்கு’ என்பார் பாருங்கள், அந்த நொடியில் உஷாராகிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகைக் கடல் பயங்கரமாக இரையும். அதைப் பார்த்ததுமே பாதிப் பேர் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார்கள். சித்திரை, வைகாசிக் கடல் யாரையும் பயமுறுத்துவதில்லை. பள்ளி விடுமுறைக் குடும்பங்கள், தேர்வு முடிந்த கல்லூரிப் பையன்கள், வேன் வாடகைக்கு எடுத்து வந்த சொந்தபந்தம் எல்லாம் தண்ணீரில் இறங்குவதும் அப்போதுதான்.

விபத்து நடந்தால் மறுநாள் செய்தியில் ‘ராட்சத அலை இழுத்துச் சென்றது’ என்று வரும். அச்சுக் கோத்துத் தயாராக வைத்திருக்கும் வாக்கியம் அது. படிக்கிறவர் ‘நாம் போன அன்றைக்கு ராட்சத அலை ஏதும் இல்லையே’ என்று தைரியமாகிவிடுகிறார். உண்மையில் அலை நம்மைக் கரைப் பக்கம்தான் தள்ளும். உள்ளே கொண்டுபோவது, அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போகும் வழி.

கரைக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீருக்கடியில் மணல் திட்டு இருக்கும். அலை அதன்மேல் உடைந்து தண்ணீரைக் கரையில் கொட்டுகிறது. திட்டில் எங்கே பள்ளமான இடைவெளி இருக்கிறதோ அங்கே அந்தத் தண்ணீரெல்லாம் ஒன்றுகூடி, ஒரே ஓட்டமாகக் கடலுக்குத் திரும்புகிறது. கடலோரத்தில் ‘இழுப்பு’ என்பது இதைத்தான். பள்ளமான இடத்தில் அலை உடையாது, நுரை வராது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை பொங்க, நடுவே கொஞ்சம் கருத்த நிறத்தில் ஒரு பாதை மட்டும் அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரியாத ஒரு குடும்பம் குளிக்க எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும்? அந்தப் பாதையைத்தான். இழுப்பின் வேகம் சில நேரம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல்காரர் நூறு மீட்டரை முழு மூச்சாக நீந்தும் வேகமே ஏறக்குறைய அவ்வளவுதான். இதற்குப் பெரிய அலை தேவையில்லை, இடுப்பளவு அலையே போதும்.

மாமல்லபுரத்தில் இதற்கு இன்னொரு சிக்கல் சேர்கிறது. கடற்கரைக் கோயிலைக் காப்பாற்ற அதைச் சுற்றிப் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கோடையில் அலை தென்கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வருவதால், கோயிலுக்கு வடக்கே உள்ள கரை ஒதுக்குப்புறமாகிவிடுகிறது. தென்பக்கம் அலை அடித்துக்கொண்டிருக்கும்போது வடபக்கம் சலனமில்லாமல் கிடக்கும். படகுகள் வரிசையாக நிற்கும், ஐஸ்வண்டி நிற்கும், அர்ச்சுனன் தபசும் ஐந்து ரதமும் பார்த்துக் களைத்தவர்கள் நாலு மணிக்கு வந்து சேருவதும் இங்கேதான். அலை பெரிதாக உடையும் இடத்தில் நீர்மட்டம் இம்மியளவு உயர்ந்து நிற்கும். அலை குறைந்த ஒதுக்குப்புறத்தில் மட்டம் தாழ்ந்திருக்கும். தண்ணீர் உயரத்திலிருந்து தாழ்வுக்குத்தானே ஓடும்? அப்படி ஓடிவந்தது பாறையை ஒட்டித் திரும்பி வெளியே போகிறது. மறைவாக இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கல்லும் இருக்கிறது என்று பாறையோரத்தில் குழந்தையை உட்காரவைக்கிறோம். இழுப்பு ஓடும் தடமே அதுதான்.

கோவளத்து முனையும் அப்படித்தான். அங்கே வடபக்கம் முட்டுக்காடு உப்பங்கழியின் முகத்துவாரம் வேறு இருக்கிறது. முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில், வற்று நேரத்தில் கழித்தண்ணீர் கடலுக்குப் பாயும். முழங்காலளவு தண்ணீரில் மணலைக் கடந்து அக்கரைக்குப் போகலாம் என்று தோன்றும். தோன்றும் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கோவளம் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. பெருமைதான். ஆனால் அந்தக் கொடியைக் காட்டி ‘இங்கே பயமில்லை’ என்று இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீலக்கொடி என்பது தண்ணீரின் தூய்மை, கழிப்பறை, குப்பை அகற்றல், உயிர்காப்பாளர் ஏற்பாடு போன்றவற்றுக்குத் தரப்படும் சான்று. இன்றைக்கு மதியம் மூன்று மணிக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் அங்கே நிற்கும் உயிர்காப்பாளர். அவர் விசில் ஊதினால், ‘சும்மா மிரட்டுறார்’ என்று சிரிக்காமல் வெளியே வாருங்கள். அவருக்குக் கண்ணில் படுவது நமக்குப் படுவதில்லை.

இதெல்லாம் கரையோரத்துச் சங்கதி. இனி வருவது நாம் கண்ணாலேயே பார்க்க முடியாத ஆபத்து.

நமக்குச் சித்திரை, வைகாசி என்றால் பூமியின் தென்கோடிக்குக் குளிர்காலம் நெருங்கும் நேரம். தென் இந்தியப் பெருங்கடலில் புயல்கள் சுழன்றடிக்கும். அங்கே கிளம்பும் நெட்டலைகளில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 18 நொடி, 20 நொடி இருக்கும். அந்த அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வடக்கே நகர்ந்து, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து, நாலைந்து நாளில் நம் கரைக்கு வந்துவிடும். இங்கே காற்று இல்லை, மேகம் இல்லை, வானொலியில் புயல் சின்னம் பற்றிய பேச்சும் இல்லை. திடீரென்று கடல் ஏறி வரும். கேரளத்து மீனவர்கள் இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள்.

2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படிப்பட்ட கடலில்தான். ஒரு திருமணத்துக்காக அந்தப் பக்கம் வந்த பிள்ளைகள். புயல் ஏதும் இல்லாத நாள். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், அதற்கு முன்பே எச்சரிக்கை விடுத்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, கடற்கரையில் நின்றவர்களின் மனதில் அது போய்ச் சேரவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் ஆற்றாமை அதிகம்.

அது கன்னியாகுமரி, நமக்கென்ன என்று கேட்கலாம். ஒருவகையில் சரி. கோவளமும் மாமல்லபுரமும் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டக் கரைக்கு இலங்கைத் தீவு தடுப்பாகக் குறுக்கே கிடக்கிறது. தென்மேற்கிலிருந்து வரும் நெட்டலை அதில் மோதி நின்றுவிடும். ஆனால் நேர் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருவது தீவின் கிழக்குக் கரையைச் சுற்றி, வளைந்து, வலு குறைந்து நம் பக்கம் வந்து சேர்கிறது. அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் இங்கே தேடி வருவதும் தெற்கத்தி அலையைத்தான். 2023 ஆகஸ்டில் உலக அலைச்சறுக்கு லீக்கின் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குச் சாம்பியன்ஷிப்பும் மாமல்லபுரத்தில் நடந்தது சும்மா இல்லை. கோடையில் அந்த அலை சின்னதாக வரும், அவ்வளவுதான். உயரம் அரை மீட்டர்தான் இருக்கும். ஆனால் உள்ளூர்க் காற்று கிளப்பும் அரை மீட்டர் அலைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆழ்கடலில் காற்றலையின் நீளம் நாற்பது, ஐம்பது மீட்டர். 18 நொடி அலைக்கு ஏறக்குறைய 500 மீட்டர். அத்தனை நீளத் தண்ணீரும் ஆழமற்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து எழுந்து, மணல்மேட்டின் மேலே வரை ஏறிவிட்டு அதே வேகத்தில் இறங்கும். கரை செங்குத்தாகச் சரியும் இடங்களில், இறங்கும் தண்ணீர் கால் மணலை அரித்து ஆளைச் சாய்த்துவிடும். சேலையோ ஜீன்ஸோ நனைந்திருந்தால் எழுந்து நிற்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

இந்த நெட்டலை ஒரே சீராக வராது என்பதுதான் மோசம். ஐந்தாறு அலை ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிறகு பத்து நிமிடம், சில நேரம் அதற்கும் மேல், ஒன்றுமே இருக்காது. சர்ஃபிங் பையன்கள் அந்த ஐந்தாறைச் ‘செட்’ என்பார்கள். நாம் வந்து நிற்பது செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே. ‘அலையே இல்லை’ என்ற முடிவுக்கு அந்த ஒரு நிமிடத்தில் வந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். ஆகவே முதல் இருபது நிமிடம் யாரும் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். சுண்டலோ மாங்காய்த் துண்டோ வாங்கித் தின்றுகொண்டு கடலை மட்டும் பாருங்கள். மணலில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். இப்போது அலை தொடும் இடத்துக்கு வெகு மேலே ஈரக்கோடு கிடந்தால், வற்றும் நேரமாக இருக்கலாம், அல்லது கடைசி செட் அதுவரை வந்துபோயிருக்கலாம். மீனவர்கள் ஃபைபர் படகுகளை வழக்கத்தைவிட மேட்டுக்கு இழுத்து வைத்திருந்தால் காரணத்தை அவர்களிடமே கேளுங்கள். ‘அண்ணே, இன்னிக்குக் கடல் எப்படி?’ என்று கேட்டால் சொல்லாதவர் யாருமில்லை. அமாவாசை, பௌர்ணமி என்றால் ஏற்றமும் சேர்ந்துகொள்ளும்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன் இன்காய்ஸ் முன்னறிவிப்பைக் கைபேசியில் பார்க்கலாம், ‘சமுத்ரா’ என்று செயலியும் இருக்கிறது. பார்க்கும்போது அலையின் உயரத்தோடு நிறுத்தாமல், அலைக்கும் அலைக்கும் இடையே உள்ள நொடிக் கணக்கையும் பாருங்கள். 15 நொடிக்கு மேல் காட்டினால் உயரம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அன்றைக்குக் கணுக்காலோடு நில்லுங்கள். இது என் கணக்கு, கொஞ்சம் கறாரானதுதான். கேரளத்துக்கும் குமரிக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருந்தால், அதையும் உங்களுக்கு வந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கோடைக் காலையில் தரையிலிருந்து மேல்காற்று அடிக்கும். அது அலையை அமுக்கிக் கரையோரத் தண்ணீரைப் பளிங்குபோல ஆக்கிவிடும். அதே காற்று, காற்றடைத்த வாத்தையும் டியூபையும் அதில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் நேரே கிழக்கே ஓட்டிக்கொண்டு போகும். நின்று துடுப்புப் போடும் பலகையை வாடகைக்கு எடுக்கிற புதியவர்களுக்கும் இதே கதிதான். போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போதுதான் தெரியும். மதியம் கடற்காற்று திரும்பும்வரை காற்று நிரப்பிய எதையும் தண்ணீரில் விடவேண்டாம். அலைச்சறுக்குக் கற்கப் போகிறவர்கள், ‘ஃப்ளாட்தானே’ என்று பயிற்சியாளர் இல்லாமல் போர்டை எடுக்காதீர்கள். காலையும் பலகையையும் இணைக்கும் லீஷ் இல்லாமல் இறங்கவே கூடாது.

‘இங்கே குளிக்கக் கூடாது’ என்று வருடம் முழுக்க நிற்கும் பலகைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஒரே வாசகம் இருந்தால் அது கண்ணிலேயே படாது. அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் செல்ஃபி எடுக்கிறார்கள். இன்றைய தேதி, இன்றைய அலை, இழுப்பு எந்தப் பக்கம் என்று தினமும் சுண்ணக்கட்டியால் எழுதும் ஒரு கரும்பலகை இருந்தால் அதற்கு மதிப்பிருக்கும். பெரிய செலவில்லை.

யாராவது இழுபட்டால் அவர் கத்துவார், கையை வீசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் சத்தமே வராது. வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போய்வரும், அவ்வளவுதான். கரையில் நிற்பவர்களுக்கு விளையாடுவதாகத் தோன்றும். பார்த்தவுடன் பாய்ந்து இறங்குவது நம் ஊர் வழக்கம். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாமவர், அவருக்காக மூன்றாமவர் என்று ஒரே வீட்டில் பலர் போவது இப்படித்தான். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெள்ளை மண்டபம், 1930 டிசம்பரில் ஒரு பெண்ணைக் காப்பாற்றத் தண்ணீரில் இறங்கி உயிர்விட்ட கார்ல் ஷ்மிட்டின் நினைவுச்சின்னம். அதன் நிழலில் உட்காருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? நீங்கள் இறங்காதீர்கள், எதையாவது எறியுங்கள். வேனில் கட்டாயம் ஒரு காலி தண்ணீர் கேன் இருக்கும். மூடியை இறுக்கி எறிந்தால் ஒரு ஆளை அது மிதக்கவைக்கும். 112-ஐ அழையுங்கள், கடலோரக் காவல் குழுமத்தின் 1093-ஐயும் அழையுங்கள், பக்கத்தில் படகு தள்ளுகிறவர்களைக் கூவுங்கள்.

இழுபடுவது நீங்களே என்றால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். இழுப்பு உங்களை அடியில் அமிழ்த்தாது, வெளியேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்துங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரியும் இடத்துக்கு வந்தபிறகு அலையோடு கரைக்கு வாருங்கள். பாறையோரம் என்றால் பாறைக்கு எதிர்ப்பக்கமாக.

கரைக்குத் தூக்கிவந்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றில் ஏறி அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. அது நேரத்தையும் உயிரையும் வீணாக்கும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் 30 முறை அழுத்தி 2 முறை மூச்சு, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். எழுந்து உட்கார்ந்து பேசிவிட்டாலும் டீ வாங்கிக்கொடுத்து வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சை முட்டவைக்கும். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.