சூட்கேசில் வரும் ஊசி

லண்டனிலிருந்து தொண்டைமானாற்றுக்கு வரும் சூட்கேசில் இப்போது சொக்லேட்டோடு மெலிவதற்கான ஊசியும் வருகிறது. "எனக்கு நல்லாக் குறைஞ்சது, நீயும் போடு" என்று கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். வாங்கியவரும் வைத்தியரிடம் காட்டாமல் போட்டுக்கொள்கிறார். இன்னொரு பக்கம், "வாயைக் கட்டினால் போதும், ஊசி எதுக்கு?" என்று சந்நிதி கோயில் அன்னதானத்தில் இரண்டாம் தரம் சோறு வாங்கியபடியே உபதேசம் செய்பவர்கள்.

இரண்டும் பிழை. உடற்பருமன் ஒரு நோய். வெறும் சோம்பல் அல்ல. அந்த ஊசியில் இருக்கும் செமாகுளூட்டைட் பொய் மருந்தும் அல்ல. ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 வீதம் எடை குறைந்தது. ஆனால் நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றாதவருக்கு ஊசி வாடகை வீடுதான்.

திறக்காத ஊசியை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும். உறைந்தால் எறிய வேண்டும். சூட்கேசில் அது எந்தச் சூட்டில் கிடந்ததென்று யார் கண்டது? கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. கணைய அழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைரொயிட் புற்றுநோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் தொடவே கூடாது. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவருக்குச் சீனி திடீரென இறங்கலாம். போலிகளும் உண்டு, 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது.

முதலில் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு ஆரோக்கிய வாழ்க்கைமுறை கிளினிக்கில் எடை, பிறசர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். தேவையென்றால் மந்திகை ஆதார வைத்தியசாலைக்குத் துண்டு கேளுங்கள். ஊசி வேண்டுமா என்பதை அங்கே வைத்தியர் சொல்லட்டும்.

பாமசியில் வாங்கினால் பில் கேளுங்கள். தரமாட்டோம் என்றால், விலை கூட்டினால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லுங்கள். பதிவில்லாத மருந்தை விற்பது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். மருந்தில் சந்தேகமென்றால் பெட்டி, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, பில் நான்கையும் படமெடுத்து, யாழ்ப்பாணம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையின் உணவு, மருந்துப் பரிசோதகருக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதியைத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, 120, நொரிஸ் கனால் வீதி, கொழும்பு 10 என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாயால் சொன்ன முறைப்பாட்டுக்குக் கந்தோரில் நினைவு இருக்காது. தபால் பற்றுச்சீட்டுக்கு இருக்கும்.

கடைசியாகச் சொல்கிறேன்: பெட்டியை எறியாதீர்கள், பில்லையும் எறியாதீர்கள்.