உச்சியில் மழை, அடிவாரத்தில் ஆபத்து: கோடை இடிமழை திடீர் வெள்ளமாவது எப்படி?

2024 மே 17, வெள்ளிக்கிழமை பிற்பகல். பழைய குற்றால அருவியில் சுற்றுலாப் பயணிகள் குளித்துக்கொண்டிருந்தபோது, கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீர் காட்டாறாகப் பெருக்கெடுத்தது. கூட்டம் அலறியடித்து ஓடியது. வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்ட 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கவே இன்னும் சில வாரங்கள் இருந்தன. மலை மேலே கொட்டிய கோடை மழைதான் அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்தது.

தென்காசி, விருதுநகர், தேனி மாவட்டங்களின் மலையடிவாரத்தில் பருவமழைக் காலத்தைவிட கோடை இடிமழைக் காலத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் ஓடும், தலைக்கு மேல் வெயிலும் அடிக்கும்.

பிற்பகலில் ஏன் இடிக்கிறது?

காலை வெயிலில் நிலம் சூடேறினால், அதை ஒட்டிய காற்று லேசாகி மேலே எழும். வானிலைச் செய்திகளில் அடிக்கடி கேட்கும் ‘வெப்பச்சலனம்’ இதுதான். நண்பகலுக்குப் பின் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே நுழைகிறது. மலைச்சரிவு அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. காலையில் வெள்ளைத் துணுக்காகத் தெரிந்த மேகம், மாலைக்குள் 10 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்த கருமேகமாகிவிடும்.

தனி மேகம் ஒன்றின் ஆயுள் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆனால் மேல்காற்று வலுவிழந்த நாளில் அது நகராமல் நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்க்கும். அல்லது ஒன்று ஓய்வதற்குள் அதே முகட்டில் அடுத்தது திரளும். அடிவாரத்தில் இருப்பவர்கள் அஞ்ச வேண்டியது இப்படிப்பட்ட நாள்களைத்தான்.

நாள் கணக்கில் மறையும் ஒரு மணி நேரம்

காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை பதிவாகும் மழையைத்தான் ஒரு நாள் மழை என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை கணக்கிடுகிறது. இதில் 5 செ.மீ. என்றால் ‘மிதமான மழை’. 6.45 செ.மீ.யைத் தொட்டால்தான் ‘கனமழை’. அந்த 5 செ.மீ. நாள் முழுக்கப் பரவிப் பெய்தால் பெரும்பகுதியை மண்ணே குடித்துவிடும். ஒரே மணி நேரத்தில் பெய்தால் கதையே வேறு.

ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 5 செ.மீ. என்றால் 50 கோடி லிட்டர். அதில் பாதி மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் ஓடையில் இறங்கினாலும், விநாடிக்குச் சுமார் 2,450 கன அடி. அகன்ற தாமிரபரணிக்கு இது பெரிய வரத்து இல்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே விழும் அருவிக்கு இது உயிர்பறிக்கும் வெள்ளம். செங்குத்தான சரிவு, மேலே மெல்லிய மண், அடியில் பாறை என்பதால் உச்சியில் விழுந்த நீர் கீழே வரச் சில நிமிடங்களே போதும்.

மழைமானிகளோ பெரும்பாலும் ஊருக்குள் இருக்கின்றன. அடிவாரத்து மானியில் சொட்டுக்கூடப் பதிவாகாத நாளிலும் அருவியில் வெள்ளம் வரலாம். புவி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதால், குறுகிய நேரத்தில் கொட்டும் மழை இனி வலுக்கவே செய்யும்.

எச்சரிக்கை எங்கே கிடைக்கும்?

மாவட்ட வாரியாக வெளியாகும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் பயணத்தைத் திட்டமிட உதவும். அருவிக்குக் கிளம்பும் நேரத்தில் பார்க்க வேண்டியது, அடுத்த 3 மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு. 2020 அக்டோபரில் தொடங்கப்பட்ட தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டு அமைப்பு, இந்தியா, இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளுக்கு 6 மணி நேரம் முன்னதாகவே திடீர் வெள்ள அபாயத்தைக் கணித்துத் தருகிறது. ஆனாலும் எந்த ஓடையில் எத்தனை மணிக்கு என்று துல்லியமாக எந்தக் கணிப்பும் சொல்லாது. கடைசி எச்சரிக்கையை ஆற்றில்தான் பார்க்க வேண்டும்.

தெளிந்த நீர் திடீரெனச் செம்மண் நிறமாகக் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, அருவியின் இரைச்சல் கூடுவது, கால் வைத்திருந்த பாறை மூழ்குவது: இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் போதும். துணி, பை, செல்போன் எதையும் தேடாமல் கரையேற வேண்டும். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடக்கூடாது. பக்கவாட்டில் மேட்டைப் பிடித்து ஏற வேண்டும். தரைப்பாலத்தில் வெள்ளம் ஓடினால் வண்டியை இறக்காதீர்கள். வேகமாக ஓடும் 15 செ.மீ. நீர் ஆளைத் தள்ளிவிடும், 30 செ.மீ. நீர் சிறிய காரை நகர்த்திவிடும்.

குளிக்கத் தடை என்று காவலரோ வனத்துறை ஊழியரோ தடுக்கும்போது, “மழையே இல்லையே சார்” என்று வாதாடுவது வழக்கமாகிவிட்டது. மழை மேலே பெய்கிறது என்பதால்தான் அவர் விசில் ஊதுகிறார். மலைப்பக்கம் வானம் கறுத்தாலோ, இடிச்சத்தம் கேட்டாலோ அவர் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள். குழந்தைகளை முதலில் கரையேற்றிவிட்டு நீங்களும் வெளியேறுங்கள்.